கேத்தரினின் மூன்று சட்டிகள்

திங்கட்கிழமை காலை சயன்ஸ் ரூம் கதவைத் திறந்ததும் பாகீரதி டீச்சர் முதலில் ஜன்னலைத்தான் பார்த்தாள். ஐந்தாம் பாரத்துப் பெண்கள் அவரை விதை போட்ட மண் சட்டிகள் அங்கே வரிசையாக இருந்தன. எல்லாச் சட்டியிலும் செடி பச்சைப் பசேலென்று நின்றது, கடைசிச் சட்டியைத் தவிர. அதில் செடி தலை தொங்கி, இலை ஓரமெல்லாம் கருகிக் கிடந்தது. மண்மேல் சாம்பல் தூவியது போல வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. அது கேத்தரினுடைய சட்டி. இப்படி ஆவது மூன்றாவது தடவை.

பெண்கள் உள்ளே வந்து பார்த்தார்கள். கேத்தரின் பெஞ்சில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்தவர்கள் பாவாடையை ஒதுக்கிக்கொண்டு நகர்ந்த சரசரப்புக் கேட்டது.

1938-ஆம் வருஷம் அது. பெங்களூர் மல்லேஸ்வரத்துப் பெண்கள் பள்ளி ஒன்றில் கேத்தரினுக்கு இலவசமாக இடம் கிடைத்திருந்தது. ஸ்ரீராம்புரத்திலிருந்து நடந்தே வருவாள். அப்பா முனிசிபாலிடியில் தெரு கூட்டுகிறவர். அவளைப் பெற்ற மூன்றாம் நாள் அம்மா போய்விட்டாள். போன மாதம் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் டைபாய்டில் படுத்தாள். ஊர் வாய்க்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? அவள் கை பட்டால் எதுவும் தங்காது என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. மண்ணில் படிவது சுடுகாட்டுச் சாம்பல் என்று கண்டுபிடித்தவள் வகுப்பில் முதல் மார்க் வாங்கும் ராஜலக்ஷ்மி.

தலைமை ஆசிரியை அனந்தலக்ஷ்மி அம்மாள் பாகீரதியைக் கூப்பிட்டனுப்பினாள். "மூணு ஆத்துலேர்ந்து லெட்டர் வந்திருக்கு. அந்தப் பொண்ணு பேரை எடுத்துடலாம்னு பாக்கறேன். சும்மா எதுக்கு வம்பு?"

பாகீரதி பி.எஸ்ஸி. படித்தவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. "இதெல்லாம் மூடநம்பிக்கை மேடம். பன்னெண்டு நாள் குடுங்கோ, சோதனை பண்ணிக் காட்டறேன்."

"சோதனை என்ன சொல்றதோ அதன்படி செய்யலாம். சரிதானே?"

பாகீரதி சரி என்று சொல்லிவிட்டாள். கேத்தரினுக்கு இந்தப் பள்ளியை விட்டால் வேறு பள்ளி கிடையாது. வெளியே போனால் அப்பாவின் துடைப்பம்தான் காத்திருந்தது. அவள் படிப்பையே பணயமாக வைத்துவிட்டோம் என்பது டீச்சருக்கு அப்போது உறைக்கவில்லை.

அன்றே ஆறு சட்டிகளை எடுத்தாள். ஒரே குவியலில் இருந்து மண், ஒரே பையில் இருந்து விதை, ஒரே ஜன்னல், ஒரே வெயில். தினமும் காலை ஒன்பது மணிக்கு அளவுக் குவளையால் சட்டிக்கு இரண்டு அவுன்ஸ் தண்ணீர். மூன்று சட்டிக்கு ராஜலக்ஷ்மி ஊற்ற வேண்டும், மூன்றுக்குக் கேத்தரின். கரும்பலகையில் பெரிதாக எழுதினாள்: 'ஒன்றை மட்டும் மாற்று. மற்றதெல்லாம் சமமாக இருக்கட்டும்.'

"இதுல என்ன மாத்தியிருக்கோம்?" என்று வகுப்பைக் கேட்டாள்.

"கை மட்டும் டீச்சர்" என்றாள் ராஜலக்ஷ்மி.

ஒன்பதாம் நாள் காலை மூடுபனி. ஜன்னல் கண்ணாடி வேர்த்திருந்தது. ராஜலக்ஷ்மியின் மூன்று செடிகளும் நிமிர்ந்து நின்றன. கேத்தரினின் மூன்றும், பேசி வைத்துக்கொண்டது போல, ஒரே பக்கமாகத் தலை சாய்த்துக் கிடந்தன. மண்மேல் அதே வெள்ளைச் சாம்பல்.

பாகீரதி ஆறு சட்டிகளையும் மாறி மாறிப் பார்த்தாள். கை மட்டும்தானே மாறியது? அப்படியென்றால் கைதான் காரணம். அவள் படித்த சயன்ஸே அவளிடம் அப்படிச் சொன்னது. அந்த நேரம் பார்த்துக் கேத்தரின் நோட்டுப் புஸ்தகத்தை நீட்டினாள். பாகீரதியின் கை தானாகப் பின்னுக்குப் போனது. அதைக் கேத்தரின் பார்த்துவிட்டாள். நோட்டை மேஜை ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை டீச்சர் வருவதற்குள் ராஜலக்ஷ்மி வீட்டிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து, திருஷ்டி கழியட்டும் என்று கேத்தரினின் சட்டிகளில் தெளித்துவிட்டாள். தெளித்த மஞ்சள் பெண்களின் கண்ணெதிரே சிவந்தது. பாகீரதி உள்ளே வந்தபோது மூன்று சட்டியிலும் ரத்தம் சிந்தியது போலச் சிவப்புத் திட்டுகள். பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேர் அழுதார்கள்.

"நான் ஒண்ணும் பண்ணல டீச்சர்" என்றாள் கேத்தரின்.

பியூன் வந்து, தலைமை ஆசிரியை அம்மா கேத்தரினைக் கூப்பிடுவதாகச் சொன்னான். பள்ளியை விட்டு அனுப்பத்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. பாகீரதி மட்டும் அந்தச் சிவப்பையே வெறித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் பயம்தான். ஆனால் இந்தச் சிவப்பை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று ஒரு நினைப்பு உள்ளே குடைந்தது. எங்கேயோ என்ன, வீட்டில் கல்யாணத்துக்குக் கல்யாணம் பார்ப்பதுதான். மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் ஆரத்தி சிவக்கிறது. மஞ்சளைச் சிவக்க வைப்பது சுண்ணாம்பில் இருக்கும் ஆல்கலி, அதாவது காரம். ஆக, இந்த மண்ணில் காரம் இருக்கிறது. ராஜலக்ஷ்மியின் சட்டியிலும் மஞ்சளைத் தெளித்துப் பார்த்தாள். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது.

"கேத்தரின், நீ தண்ணி எங்கேர்ந்து எடுத்தே?"

"பின்னாடி சிமெண்ட் தொட்டியிலருந்து டீச்சர்."

"இங்கே அண்டா நிறைய குழாய்த் தண்ணி இருக்கே. இதுல ஏன் எடுக்கலை?"

கேத்தரின் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க தான டீச்சர் மொத நாளே சொன்னீங்க? அண்டாவத் தொடாத, பின்னாடி போய் மொண்டுக்கன்னு."

ஆமாம், சொன்னாள். அது குடிதண்ணீரும் கூட, மற்ற பெண்களின் வீட்டில் பேச்சு வருமே என்று பள்ளி திறந்த ஜூன் மாதத்தில் ஒரு வார்த்தை சொன்னாள். சொன்ன நிமிஷமே மறந்தும் போனாள். இந்தப் பத்து நாளும் அவள் கண்ணெதிரேதான் கேத்தரின் குவளையோடு அண்டாவைத் தாண்டிப் பின்கதவு வழியாகப் போய்வந்தாள். அதில் விசேஷமாக எதுவும் படவில்லை. அப்படிப் போவதுதான் வழக்கமாயிற்றே.

லாப் உதவியாளர் நாணுவைக் கூப்பிட்டுக் கேட்டாள். "அந்தத் தொட்டியா? பாட்டிலெல்லாம் சலவைச் சோடா போட்டு அதுலதாம்மா ஊற வெப்பேன். காஞ்சா சாம்பல் மாதிரி வெள்ளையாப் படியும். அதை யாரும் செடிக்கு ஊத்துவாங்களா?" என்றார் அவர்.

பாகீரதி தலைமை ஆசிரியை அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். "சோதனை தப்பு மேடம். கை மட்டும் மாறலை, தண்ணியும் மாறியிருக்கு. இன்னொரு பன்னெண்டு நாள் குடுங்கோ. அப்புறமும் செடி செத்தா அவளோட நானும் போயிடறேன்."

புதிதாக ஆறு சட்டிகள். இந்தத் தடவை கேத்தரின் அண்டாவிலிருந்து ஊற்றினாள். ராஜலக்ஷ்மிக்குத் தொட்டித் தண்ணீர். ஒன்பதாம் நாள் ராஜலக்ஷ்மியின் மூன்று செடிகள் தலை சாய்ந்தன. மண்மேல் வெள்ளை பூத்தது. அந்தப் பெண் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றதைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

"உன் கையில ஒண்ணும் இல்லைடி" என்றாள் பாகீரதி. "அவ கையிலயும் இல்லை."

அனந்தலக்ஷ்மி அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பாகீரதி ஏதேதோ பேச நினைத்து, கடைசியில் இதைத்தான் சொன்னாள்:

"செடியைக் கொன்னது தனியா மொண்டுக்கோன்னு சொன்ன என் வாய். ஒருத்தரை ஒதுக்கி வெச்சு, நமக்குக் கிடைக்கற தண்ணியைக் கூடக் குடுக்காம, அவாளுக்கு மட்டும் ஏன் இப்படி ஆறதுன்னு கேக்கறோம் பாருங்கோ, அது சோதனையும் இல்லை, நியாயமும் இல்லை. முதல்ல எல்லாருக்கும் எல்லாம் சமமா இருக்கணும். அப்புறம்தான் யாரையும் எடை போடலாம்."

கேத்தரின் குவளையோடு அண்டா பக்கத்தில் நின்றிருந்தாள்.

"டீச்சர், குடிக்கறதுக்கும் இதுலயே மொண்டுக்கலாமா? காலைல வீட்டுல குடிச்சா, சாயங்காலம் போய்த்தான் குடிப்பேன்."

பாகீரதி அண்டாவில் டம்ளரை முக்கி எடுத்து அவள் கையில் கொடுத்தாள். கேத்தரின் வாய் வைத்து, மூச்சு விடாமல் பாதி குடித்தாள். மீதியை டீச்சர் வாங்கி எல்லோர் முன்னாலும் குடித்தாள்.