மூன்று சென்டிமீட்டர்

முப்பத்தொரு வருடமாக ஜப்பானின் தகாவோகா ஊரில் தரையை மட்டப்படுத்துவதுதான் என் பிழைப்பு. பழைய தரைக்கு மேல் சட்டம் போட்டு உயர்த்தி, தொய்வை நிரவி, புதுப் பலகை பதிக்கத் தோதாக்கிக் கொடுப்பேன். கோணலைக் கண்டாலே எனக்கு ஆகாது. விருந்துக்குப் போன வீட்டில் தரை சாய்ந்திருந்தால் சோறு இறங்காது. "எங்க வீட்டுக்காரர் சூப்புக் கிண்ணத்துக்கே ரசமட்டம் வச்சுப் பாப்பாரு" என்று என் மனைவி யசுயோ ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இத்தனை பேசும் என் வீட்டுத் தரைதான் ஊரிலேயே மோசம். தடித்த வைக்கோல் பாய்கள் பதித்த அறையை விட நடை மூன்று சென்டிமீட்டர் தாழ்வு. நடையை விட சமையலறை இன்னும் இரண்டு தாழ்வு. போதாததற்கு, குளியலறைப் பக்கம் நடைப்பலகை குழிந்து கிடந்தது. அடுத்தவர் வீட்டு வேலைக்கே நேரம் போதாதவனுக்குத் தன் வீடு எங்கே கண்ணில் படும்?

யசுயோவின் பார்வை மூன்று வருடமாகக் கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, சென்ற இலையுதிர் காலத்தில் அநேகமாக இருண்டுவிட்டது. ஆனாலும் அவள் ஒரு வேலையையும் விடவில்லை. கொதிக்கும் மிசோ சூப்பைத் தட்டில் வைத்து, சமையலறையிலிருந்து அறை வரைக்கும் ஒரு சொட்டு சிந்தாமல் கொண்டு வருவாள். நான்தான் பாதி எழுந்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன். "இத்தனை படி இருக்கற வீட்டுல ஒரு தடவ விழுந்தாங்கன்னா அப்புறம் படுக்கைதான், ஏதாவது முதியோர் இல்லத்துலதான் சேக்கணும்" என்று ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் சொல்லியிருந்தாள். யசுயோவை இல்லத்தில் விடுவதா? என் உயிர் இருக்கும்வரை அது நடக்காது என்று முடிவு செய்தேன்.

கண்ணில் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு அவள் பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். அந்தப் பன்னிரண்டு நாளில் எங்கள் வீட்டுத் தரை முழுவதையும் ஒரே மட்டமாக்கி முடித்தேன். பாய்களைத் தூக்க மட்டும் கமேதா வந்தான். என்னோடு இருபது வருடம் வேலை செய்தவன்.

"இதெல்லாம் யசுயோகிட்ட கேட்டியாடா?" என்றான்.

"கேட்டுட்டா அப்புறம் என்ன அதிசயம் இருக்கு? பொத்திக்கிட்டுத் தூக்கு."

பாய் எடுத்த பள்ளம் ஆறு சென்டிமீட்டர். சட்டம் முப்பத்தாறு மில்லிமீட்டர், ஒட்டுப்பலகை பன்னிரண்டு, மேல்பலகை பன்னிரண்டு, கணக்கு சரி. நடையையும் சமையலறையையும் சட்டம் போட்டு உயர்த்தி, குழிந்த இடங்களில் மெல்லிய மரச் சிம்புகளைச் செருகி நிமிர்த்தினேன். கதவுகளின் அடியை இழைத்தேன். வாசலிலிருந்து கடைசி ஜன்னல் வரைக்கும் ஒரே தரை, ஒரே மட்டம். நடுவில் ஒரு கோலிக்குண்டை வைத்தேன். இம்மி நகரவில்லை. என் வாழ்நாளில் அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

சிகிச்சை பலிக்கவில்லை. கொஞ்சநஞ்ச வெளிச்சமும் போய்த்தான் யசுயோ வீடு திரும்பினாள். வாசலில் செருப்பைக் கழற்றி, வீட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். நான் வாயெல்லாம் பல்லாகப் பின்னால் போனேன். நான்கைந்து எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள்.

"ஏங்க, அறை எங்க ஆரம்பிக்குது?"

"நீ பாட்டுக்குப் போ. இனிமே படியே கிடையாது!"

அவள் போகவில்லை. வீட்டுச் செருப்போடு பாயை மிதிக்கிற வழக்கம் எங்கள் ஊரில் யாருக்கும் கிடையாது. நடையின் முடிவில் கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். அந்த முடிவைத்தான் நான் இல்லாமல் செய்திருந்தேன். செருப்பை நடுவழியிலேயே கழற்றினாள். வெறுங்காலால் முன்னே துழாவினாள். இல்லாத விளிம்பை, இல்லாத பாயைத் தேடினாள். "இது எந்த எடங்க?" என்றாள். அந்தப் படிகளைக் காலால் தொட்டுத்தான் அவள் இத்தனை நாள் வழி கண்டுபிடித்தாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்கப்புறம் அவள் நான் உட்கார வைத்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். கழிப்பறைக்குப் போகவும் என் கையைக் கேட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன், திட்டவில்லை. ஒரு காலையில் நடை நடுவே, செருப்பு இரண்டையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"கண்ணு போனப்பகூட நான் வீட்டுக்குள்ள தொலஞ்சு போகலங்க."

அறை ஆரம்பிக்கும் இடத்தில் அடையாளத்துக்கு ஒரு மெல்லிய மரச்சட்டத்தை அடித்தேன். அன்று மத்தியானமே அது தடுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள். விழக்கூடாது என்றுதான் அத்தனையும் செய்தேன். என் கையால் அடித்த சட்டத்திலேயே விழுந்தாள்.

"கொஞ்ச நாளைக்கு என்னை அண்ணன் வீட்டுல விடுங்க" என்றாள்.

பக்கத்து ஊரான ஹிமியில், கடலைப் பார்த்த வீடு அது. அவள் பிறந்து வளர்ந்த வீடு. கொண்டுபோய் விட்டு வந்த மறுநாளே கடப்பாரையை எடுத்தேன். என் வாழ்நாளின் நல்ல வேலையை நானே பெயர்த்தேன். அறைக்குப் புதுப் பாய் வாங்கிப் போட்டேன். நடையை மறுபடி மூன்று சென்டிமீட்டரும் சமையலறையை ஐந்தும் இறக்கினேன். குளியலறைப் பக்கம் பழைய குழி எவ்வளவு என்று நான் அளந்து வைக்கவில்லை. கோணலை யார் அளந்து வைப்பார்கள்? குத்துமதிப்பாகக் குழித்தேன்.

ஒரு மாதம் கழித்து அவளைக் கூட்டிவரப் போனேன். அவள் அண்ணன் இசாமு வாசலுக்கு வந்தார். அந்த வீட்டுத் தரையைப் பார்த்தால் எந்த மட்டக்காரனும் அழுதுவிடுவான். அறைக்கு ஏறும் இடத்தில் தடுக்கி, குப்புற விழப் பார்த்துச் சமாளித்தேன்.

"பாத்து வாங்க, அங்க ஒரு படி இருக்கு!" உள்ளிருந்து யசுயோவின் சிரிப்பு.

கையில் தட்டோடு வந்தாள். ஆவி பறக்கும் மீன் சூப்பு. விளிம்பில் செருப்பைக் கால் நுனியால் உதறிவிட்டு, நிற்காமல் ஏறி வந்து, என் முன்னால் கிண்ணத்தை வைத்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை. கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"மாப்ள, உங்க கையால இந்தத் தரையையும் கொஞ்சம் தூக்கி நெரவிக் குடுங்களேன்" என்றார் இசாமு. "இவ எங்கயாவது விழுந்து வச்சா?"

"தொடாதீங்க மச்சான்!" என்று கத்தினேன். "ஒரு ஆணியக்கூடத் தொடாதீங்க."

யசுயோ தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்.

"ஏங்க, கூட்டிட்டுப் போகவா வந்தீங்க?"

போட்டு வைத்த பாயையும், இறக்கின நடையையும் சொல்லத்தான் ரயிலில் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு வந்திருந்தேன்.

"இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"அப்பிடியா" என்றாள். அவ்வளவுதான். அந்த நேரத்தில் தன் முகத்தில் வந்த நிம்மதி எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியாது. ஆறுவதற்குள் குடிக்கச் சொன்னாள். குடித்தேன்.