சிவப்புப் பட்டையில் இருந்த வரி

நான்கு மாதத்தில் ஒன்பது இடங்களுக்கு நேர்காணலுக்குப் போய்வந்தாள் சின்னவள். வீட்டில் இரண்டாவது பெண், அதனால் சின்னவள். மற்றபடி வயது முப்பத்தெட்டு. விளம்பர அலுவலகம் ஒன்றில் பதினான்கு வருஷம் வடிவமைப்பாளராக இருந்தவளை ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் கூப்பிட்டு, ஆட்குறைப்பு என்றார்கள். சாயங்காலத்துக்குள் கையில் இருந்த வேலையை முடித்துக் கொடுத்துவிட்டு, மேஜை மேல் வளர்த்த தொட்டிச் செடியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். செடி பிழைத்துக்கொண்டது. அவள்தான் இன்னும் எங்கேயும் வேர் பிடிக்கவில்லை.

போகிற இடமெல்லாம் ஒரே கேள்வி. கம்ப்யூட்டரே நிமிஷத்தில் படம் போட்டுவிடுகிறதே, நீங்கள் என்ன கூடுதலாகச் செய்வீர்கள்? சின்னவள் பையிலிருந்து ஒரு ஈய எழுத்தை எடுத்து மேஜை மேல் வைப்பாள். பழைய இரும்புக் கடையில் பொறுக்கியது. "கையில எடுத்துப் பாருங்க சார். அந்தக் காலத்துல ஒவ்வொரு எழுத்தையும் விரலால தொட்டுக் கோர்த்தாங்க. தப்பு இருந்தா விரலுக்கே தெரியும். அந்தக் கவனம் எங்கிட்ட இருக்கு" என்பாள். அவர்களும் எடுத்துப் பார்த்து, "நல்ல கனமா இருக்கே" என்று சொல்லித் திருப்பிக் கொடுப்பார்கள். அதோடு சரி.

வீட்டுச் சுவரிலும் அச்சு எழுத்து அடுக்கும் பழைய மர இழுப்பறை ஒன்றை மாட்டி வைத்திருந்தாள். சின்னச் சின்ன அறைகள். அதில் அம்மா தன் கம்மல்களையும் ஊக்குகளையும் போட்டு வைத்திருந்தாள்.

அம்மா அச்சகத்தில் வேலை பார்த்தவள்தான். கைப்பிரதியைச் சத்தமாகப் படிப்பது அவள் வேலை. எதிரே ஒருவர் அச்சடித்த தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வார்த்தையாகச் சரிபார்ப்பார். புள்ளி, காற்புள்ளி, புதுப் பத்தி, எல்லாவற்றையும் வாயால் சொல்ல வேண்டும்.

"நீ அந்த ஈயத்தைக் கொஞ்சுற மாதிரி நான் உன்னைக்கூடக் கொஞ்சினதில்லடி" என்பாள் அம்மா.

"அது ஒரு கலைம்மா."

"கலையாம்! எட்டு மணி நேரம் படிச்சுப் படிச்சுத் தொண்டை கட்டிக்கும். வீட்டுக்கு வந்தா உங்கப்பாகூடச் சண்டை போடக் குரல் இருக்காது. அந்த மனுஷனுக்கு அதுல அவ்வளவு சந்தோஷம்."

பத்தாவதாக வந்தது அட்டைப்பெட்டி அச்சகம் ஒன்றின் அழைப்பு. வெளியிலிருந்து வரும் வடிவமைப்புக் கோப்புகளை அச்சுக்குப் போகும் முன் பரிசோதிக்கும் வேலை. வாசலில் கால் வைத்ததுமே மை வாசனை வந்து மூக்கில் ஏறியது. ஆள் உயரத்துக்கு அட்டைகள் அடுக்கியிருந்தன. இயந்திரம் ஓடுகிற அதிர்வு செருப்பைத் தாண்டி உள்ளங்காலில் தெரிந்தது. சின்னவளுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த வேலை மட்டும் கிடைத்துவிட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டாள்.

முதலாளியம்மாவுக்கு அறுபது வயதிருக்கும். கொண்டையில் பேனா சொருகியிருந்தது. பேச்சை வளர்க்கவில்லை. நான்கு விரல் அகலத்தில் வெட்டிய ஒரு சிவப்பு அட்டைத் துண்டை மேஜையில் போட்டார். கம்ப்யூட்டர் திரையில் அதே சிவப்புப் பட்டை மட்டும் பெரிதாகத் தெரிந்தது. அதில் வெள்ளை எழுத்தில், மருந்துப் பெட்டிகளில் வழக்கமாக வருகிற ஒரு வரி: 'ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது.' அட்டையில் அந்த வரியைக் காணோம். வெறும் சிவப்பு.

"வாடிக்கையாளர் யாருன்னு வெளிய தெரியக்கூடாது. அதான் வெட்டி வச்சிருக்கேன். திரையில இருக்கு, அட்டையில இல்ல. ஏன்? ஏழு பேர் வந்தாங்க. ஏழு பேரும் முழிச்சாங்க."

சின்னவள் உட்காரக்கூட இல்லை. திரையில் அந்த எழுத்தைச் சொடுக்கி, அதன் அமைப்புப் பட்டியலைத் திறந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"ஓவர்பிரிண்ட்ங்கிற கட்டத்துல இருந்த டிக்கை எடுக்காம விட்டிருக்காங்கம்மா. கறுப்பு எழுத்துன்னா நிறத்து மேலயே அடிச்சுடலாம், அதுக்கு அந்த டிக் வேணும். ஆனா இந்த மாதிரி அச்சுல வெள்ளைன்னு ஒரு மை கிடையாதே. எழுத்து வர்ற இடத்துல சிவப்பு படாம விடணும், அப்பத்தான் அட்டையோட வெள்ளை தெரியும். இது முதல்ல கறுப்பா இருந்திருக்கு. யாரோ கடைசி நேரத்துல நிறத்தை மாத்திட்டு டிக்கை மறந்துட்டாங்க. அதனால முழுசும் சிவப்பாவே அடிச்சிருச்சு."

"அப்பாடா" என்றார் முதலாளியம்மா.

வாயை அங்கேயே மூடியிருக்கலாம். சந்தோஷத்தில் சின்னவளுக்கு நாக்கு நீண்டது. "ஈய எழுத்துல இது நடக்குமாம்மா? மருந்துப் பெட்டி, குழந்தைங்க விஷயம்! இப்படியா அஜாக்கிரதையா இருக்கிறது? இதைப் பண்ணவங்களை நிக்க வச்சுக் கேக்கணும்."

"கேட்டாச்சு" என்றார் அவர். "நல்லவேளை, பெட்டி மடிக்கிற அம்மா ஒருத்தங்க, போன தடவை இங்க கறுப்புல ஒரு வரி இருந்துச்சேன்னு எடுத்துட்டு வந்தாங்க. ஒரு பெட்டிகூடக் கடைக்குப் போகல. கோப்பைப் பாத்துக் கையெழுத்துப் போட்டவரை அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிட்டேன். கண்ணாடி அண்ணன்னு கூப்பிடுவோம். இருபத்தாறு வருஷம் இங்க இருந்தவர். அவர் இடம்தான் இது. மறுபடி அடிக்கணும், கோப்பைப் பாக்க ஆள் இல்லாம அந்த ஒரு இயந்திரத்தை மட்டும் நிறுத்தி வச்சிருக்கேன். நாளைக்கே வந்துடுறியா?"

வேலை கிடைத்துவிட்டது. சின்னவள் தலையாட்டிவிட்டாள்.

"அப்ப முழுசா பாத்துக்கோ, இனி உன் பொறுப்பு" என்று மேஜைக்கடியிலிருந்து ஒரு முழுப் பெட்டியை எடுத்து வைத்தார். இருமல் மருந்து. முகப்பில் ஒரு கரடிக்குட்டி. வலது காது இடது காதைவிடச் சின்னது.

அந்தக் காதை வரைந்தவள் சின்னவள்.

பெட்டியைத் திருப்பி அந்தச் சிவப்புப் பட்டையைப் பார்த்தாள். வேலை போன அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம். மருந்துக்காரர் போனில், "கறுப்பு எழுத்து பயமுறுத்துதுங்க, வெள்ளையா மாத்திடுங்க". இடது கையில் செடித் தொட்டி, வலது கையால் ஒரே ஒரு சொடுக்கு. நிறத்தை மாற்றினாள். அனுப்பினாள். விளக்கை அணைத்தாள். எந்த அச்சகத்துக்குப் போகிறது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அவள் உட்காரப்போகிற நாற்காலி கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் தெரிந்தது. அதன் முதுகில் யாரோ மடித்துக் கட்டிய பழைய துண்டு இன்னும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

"இது நான் பண்ணதும்மா" என்றாள்.

"எது, கரடியா?"

"கரடியும். அந்த டிக்கும்."

முதலாளியம்மா கொண்டையிலிருந்து பேனாவை உருவினார். எதையும் எழுதவில்லை. திரும்பவும் சொருகினார். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். "அந்தப் பெட்டியை எடுத்துட்டுப் போ" என்றார். "வீட்டுல வச்சு தினமும் பாரு."

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. பெட்டியை அம்மா மடியில் வைத்து, "ஏதாவது பிழை இருக்கா பாரும்மா" என்று மட்டும் சொன்னாள்.

அம்மா கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, பழைய குரலில் படித்தாள். நான்கு பக்கமும், அடியும், மூடியும், புள்ளி காற்புள்ளியோடு. "சுத்தமா இருக்கு. ஒரு பிழை கிடையாது. கரடிக்குத்தான் காது கோணல்."

சின்னவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலை பார்த்த அச்சகத்திலேயே பெயரெடுத்த ஆள் அம்மா.

"அந்தச் சிவப்புப் பட்டையில ஒரு வரியே காணோம்மா!"

"அடிப்பாவி! கைப்பிரதி எங்க? அது இல்லாம, இல்லாததை நான் எப்படிடி பாப்பேன்?"

"ஈயத்துல இப்படி ஆகாதுல்ல?"

"ஏன் ஆகாது? ஒரு தடவை முழுப் பத்தியே விட்டுப் போச்சு. நான் படிச்சேன், எதிர்ல இருந்தவர் தூங்கிட்டார். ஈயமாவது, கீயமாவது. முழிச்சுட்டு இருக்க ரெண்டு ஆள் வேணும், அவ்வளவுதான்."

சின்னவள் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். அம்மா தேற்றவில்லை. பக்கத்தில் நெருங்கி உட்கார்ந்துகொண்டாள்.

மூன்றாம் நாள் காலை ஒரு போன். பின்னால் இயந்திரச் சத்தம்.

"நீதான் காது கோணல் கரடியாம்மா? நான் கண்ணாடி அண்ணன் பேசுறேன்."

சின்னவள் எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணே, என்னை மன்னிச்சுடுங்க."

"அதை அப்புறம் பாத்துக்கலாம். உனக்குக் கோவம் வரணும், எம்மேல. சோதனைத் தாள்ல அந்தச் சிவப்பு வெறுமையா இருந்ததை நான் பாத்தேன்மா. இந்தக் காலத்துப் பிள்ளைங்க இடத்தைச் சும்மா விடுறதுதான் அழகுங்கிறாங்களே, இதுவும் அப்படித்தான்னு கையெழுத்துப் போட்டுட்டேன்."

சின்னவள் மறுபடி உட்கார்ந்தாள்.

"என்னைத் திரும்பக் கூப்பிட்டாச்சு. உனக்கு வேலை கிடையாது, அதைச் சொல்லச் சொன்னாங்க. முதலாளியம்மா கோவம் இன்னும் ஆறல. இப்ப எனக்கு ஒண்ணு வேணும். மருந்துக்காரர் முதல்ல அனுப்பின வாசகம். உங்க பழைய ஆபீஸ்ல கேட்டா, அந்த வேலை பாத்தவங்க இப்ப இல்லன்னு கையை விரிச்சுட்டாங்க. உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. அவள் போனுக்குத்தான் மருந்துக்காரர் அனுப்பியிருந்தார்.

"அனுப்பிடட்டுமா அண்ணே?"

"அனுப்பு. ஆனா நீ படி, நான் புதுச் சோதனைத் தாள்ல பாக்குறேன். ரெண்டையும் நானே பாத்தா என் கண்ணு மறுபடி என்னை ஏமாத்தும். அந்த இயந்திரம் நின்னு காத்துட்டு இருக்கு."

போனை ஒலிபெருக்கியில் போட்டு மேஜையில் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் அந்தச் செய்தியைத் திறந்து படிக்க ஆரம்பித்தாள். ஒவ்வொரு வரிக்கும் அந்தப்பக்கம் "இருக்கு" என்று வந்தது.

"புள்ளியைச் சொல்லுடி" என்று அம்மா தோளில் தட்டினாள். "அவர் என்ன ஜோசியரா?"

"யாரும்மா அது?"

"எங்கம்மா அண்ணே."

"சரியாத்தான் சொல்றாங்க. மேல போ."

சின்னவள் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தாள். "சிவப்புப் பட்டை. வெள்ளை எழுத்து. ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது. புள்ளி."

அந்தப்பக்கம் வேறொரு இயந்திரம் ஓடியது. அம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். தாளை வெளிச்சத்துக்குத் திருப்புகிற சரசரப்பு கேட்டது.

"இருக்கு" என்றார் கண்ணாடி அண்ணன். "புள்ளியும் இருக்கு."