அடிப்பக்கத்துப் பெயிண்ட்

மார்ச் 12, வியாழன். தவறு: ஆன்டெனாவின் அடித்தட்டு உட்காரும் இடத்தில், மட்கார்டின் உட்புறமும் பெயிண்ட் அடித்தது. இரண்டு கோட்.

ஆபீஸ் முடிந்து போகும் மாலை இன்ஜினியரிங் வகுப்பு கலைந்த பிறகும் பெஞ்சிலேயே உட்கார்ந்து நோட்டில் இதை எழுதியபோது அவளுக்குக் காது மடல் சுட்டது. வாத்தியார் போகிறபோக்கில்தான் சொன்னார். ஆன்டெனாவின் அடியில் வரும் பல் வைத்த வாஷர் வெறும் இரும்பைக் கடிக்க வேண்டும், நடுவில் பெயிண்ட் இருந்தால் ரேடியோ இரைச்சலைத்தான் பிடிக்கும் என்று. எல்லோரும் குறித்துக்கொண்டார்கள். அவள் மட்டும் பேனாவை மூடிவிட்டாள்.

அவள் எதையும் அரைகுறையாகச் செய்பவள் அல்ல. அதுதான் வினையாகிவிட்டது. சித்தப்பாவின் கார் அவளைவிட இருபது வயது மூத்தது. கேட்டில் இடித்து அதன் ஆன்டெனா முறிந்ததும், நம்ம வீட்டு இன்ஜினியர் இருக்கும்போது வெளியாள் எதற்கு என்று சித்தப்பா வேலையை அவள் தலையில் கட்டினார். ஓட்டையின் அளவு, மட்கார்டின் சாய்வு, மூன்று அடுக்காக நீளும் கம்பியின் உயரம் எல்லாவற்றையும் நோட்டில் வரைந்துகொண்டு நான்கு சனிக்கிழமைகள் பழைய சாமான் கடைகளில் அலைந்தாள். கடைசிக் கடையில், ஒரு சாக்கு மூட்டையின் அடியில், அதே சாய்வோடு ஒன்று கிடைத்தது. ஓட்டையின் விளிம்பில் துரு இருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, இனி ஜென்மத்துக்கும் துரு வரக்கூடாது என்று உள்ளும் புறமும் பெயிண்ட் அடித்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு மாட்டினாள்.

ரேடியோ இரைந்தது. ஒயரை இரண்டு தடவை கழற்றி மாட்டினாள். அப்போதும் இரைந்தது.

"ஆன்டெனாவில குறையில்ல சித்தப்பா. ரேடியோதான் போல" என்றாள். அந்தப் 'போல'வைச் சேர்த்துக்கொண்டதை அன்று பெரிய நேர்மை என்று நினைத்தாள்.

ரேடியோவைச் சரிசெய்து கொடுத்திருந்தவர் மாமா, சித்தியின் அண்ணன். கண் ஆபரேஷனுக்காக ஏழு மாதம் பூட்டிக் கிடந்த கடையைத் திறந்து, அவர் கையில் எடுத்த முதல் வேலை அது. சித்தப்பா சும்மா இருப்பாரா? "மச்சான், ஒரு கண்ண மூடிக்கிட்டா ஈயம் வச்ச?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். மாமா சிரித்துக்கொண்டே ரேடியோவைக் கழற்றித் துணியில் சுற்றி எடுத்துப்போனார். பத்து நாளாக அதைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறாராம். சித்தி அம்மாவிடம் போனில் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. அண்ணன் இனிமேல் வேலையே எடுக்கப் போவதில்லையாம், சொந்தக் கண்ணையே நம்ப முடியவில்லையாம்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் முடிந்ததும் சித்தப்பா வீட்டுக்குப் போனாள். காரைத் துடைக்க வந்ததாகச் சொன்னாள். மட்கார்டுக்கு அடியில் தலையை விட்டு நட்டைக் கழற்றி, இரும்பு பளபளக்கும்வரை பெயிண்டைக் கத்தியால் சுரண்டி, மறுபடி முறுக்கினாள். யாரும் பார்க்கவில்லை. சுரண்டிய தூளைக் கீழே தட்டிவிடாமல் ஏன் தாளில் வாரி மடித்தோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. மாமா ரேடியோவைக் கொண்டுவந்து மாட்டுவார், அது பாடும், அதோடு விஷயம் முடிந்தது, யாருக்கும் தலைகுனிவு இல்லை. அவள் மனக்கணக்கு இவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். திருகாணி ஓட்டைகளை விரலாலேயே தடவிப் பார்த்து ரேடியோவை மாட்டினார். குமிழைத் திருப்பியதும் யாரோ ஒரு பெண் செய்தி வாசித்தாள், அவள் மூச்சை இழுப்பதுகூடக் கேட்டது. சித்தப்பா பானெட்டில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பாத்தியா மச்சான், நீ கோட்டை விட்ட எடத்த நீயே கண்டுபுடிச்சிட்ட. நான் அன்னைக்கே சொன்னேன்ல?"

"நான் ஒண்ணுமே பண்ணல மாப்ள. குறையே கிடைக்கல. சும்மா மூடித்தான் எடுத்தாந்தேன்."

"அப்ப பண்ணினதும் கண்ணுக்குத் தெரியலன்னு சொல்லு."

சித்தி உள்ளே போய்விட்டாள். மாமா கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் வெகுநேரம் துடைத்தார். பிறகு அவளிடம் திரும்பினார். அந்த முகத்தில் சந்தேகம் துளியும் இல்லை.

"நீ படிக்கிற பொண்ணு. கேக்குறேன்னு தப்பா நினைக்காத. ஒண்ணும் செய்யாம ஒரு குறை எப்படிம்மா தானா சரியாகும்?"

இத்தனை நாள் படிப்பில் அவளுக்குச் சந்தேகமே இல்லாமல் விடை தெரிந்த ஒரே கேள்வி அது.

"சில நேரம் ஆகும் மாமா" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் மேசையில் பொட்டலத்தைப் பிரித்தாள். தூளுக்கு நடுவே நகத்தளவு பெயிண்ட் செதில் ஒன்று. அதில் வாஷரின் பற்கள் வளைவாகப் பதிந்திருந்தன. ஒரு பல்கூடப் பெயிண்டைத் தாண்டி இரும்பை எட்டியிருக்கவில்லை. பழையபடி மடித்து வைத்துவிட்டு நோட்டைத் திறந்தாள். மார்ச் 15, ஞாயிறு. தவறு என்ற இடத்தில் வியாழக்கிழமை எழுதியதையே எழுதத் தொடங்கி, அடித்துவிட்டு, 'சில நேரம் ஆகும் மாமா' என்று எழுதினாள். அதன் கீழே:

நாளை: ஆபீசுக்கு அரை நாள் லீவு. எட்டு மணிக்குச் சித்தப்பாவுக்குப் போன் செய்து, அவரையும் வரச்சொல்ல வேண்டும். ஒன்பதரைக்கு மாமா கடை. பொட்டலத்தை எடுத்துப்போக வேண்டும்.