மூன்று ஞாயிறு ஓலை

கிறிகோரி எதையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று போட்டிருக்கும் பலகையையே நம்பமாட்டார். இத்தாலியின் பலெர்மோவில் அதை நம்புகிறவனும் இல்லை என்பது வேறு கதை. வேலை செய்யும் சியாகுல்லித் தோட்டத்தில் பச்சை மந்தரின் ஆரஞ்சுக் காய்களைக் கழித்துவிட்டு வந்து அவர் கை கழுவிக்கொண்டிருந்தபோது, அமெரிக்காவில் ஒரு கல்லூரிக்கு நேரத்தோடு விண்ணப்பிக்கப் போவதாக மகள் அமலினி சொன்னாள்.

“ரெண்டு வழி இருக்கு அப்பா. ஒண்டு, சும்மா கேட்டுப் பாக்கிறது. இடம் தந்தாலும் விரும்பினால் போகலாம், விட்டால் விடலாம். மற்றது, தந்தால் வாறன் எண்டு முதலே சொல்லுக் குடுக்கிறது. பிறகு மாறேலாது. ஆனா இடம் கிடைக்க அதுதான் வாய்ப்புக் கூட. நீங்களும் ஒப்பம் வைக்கவேணும்.”

“முதலாவது வெறும் கலியாணப் பேச்சுக்கால். ரெண்டாவது, கலியாணத்துக்கு முதல் கோயிலிலை சுவாமியார் ஓலை வாசிச்சு அறிவிச்ச மாதிரி,” என்றார். “அவங்களும் எங்களுக்குச் சொல்லுக் குடுக்கிறாங்களோ?”

“இல்லை.”

“நல்ல மாப்பிள்ளை! தான் கட்டுறனோ இல்லையோ தெரியாதாம், பொம்பிளை மட்டும் காத்திருக்கவேணுமாம். பேச்சுக்காலே காணும், போ.”

“சரி,” என்று அமலினி மடிக்கணினியை மூடினாள்.

அவ்வளவு கெதியாக மூடியதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை. சண்டை பிடிக்கிற பிள்ளை அவள். மனைவி செலஸ்ரீனா செத்தபிறகு வீட்டில் இரண்டே பேர். தன்னைத் தனியே விடப் பயந்துதான் மூடுகிறாள் என்று அவருக்கு விளங்கிற்று. அவருக்கும் பயம்தான்.

சோறு போடும்போது சொன்னார்: “ரெண்டாவது வழியாலையே போ. ஆனா ஓலை எண்டால் மூண்டு ஞாயிறு வாசிக்கவேணும். தடை இருக்கிறவன் அதுக்குள்ளை சொல்லுவான். முறைப்படி செய்வம்.”

முதல் ஞாயிறு பூசை முடிந்து வந்து, அமலினி அடுப்படியில் நின்று சுவாமியாரின் மூக்குக் குரலில் வாசித்தாள்: “கிறிகோரி, காலஞ்சென்ற செலஸ்ரீனா ஆகியோரின் மகள் அமலினிக்கும், அமெரிக்கா தேசத்துக் கல்லூரிக்கும்... தடை அறிந்தவர்கள் தெரிவிக்கவும்.”

“அங்கை பனி கொட்டும்.”

“சப்பாத்து வாங்கலாம். அது தடை இல்லை.”

இரண்டாம் ஞாயிறு, “உனக்குச் சோறு வடிக்கவும் தெரியாது,” என்றார்.

“உங்களுக்கும் தெரியாது. நாங்கள் உயிரோடைதானே இருக்கிறம்.”

மூன்றாம் ஞாயிறு மூக்குக் குரல் வரவில்லை. அம்மாவின் பெயர் வரை வாசித்தவள் நின்றுவிட்டாள்.

“ஏன் நிப்பாட்டினனீ? வாசி.”

“அப்பா, நீங்கள் தனிய...”

“அது ஓலையிலை இல்லை. உள்ளதை வாசி.”

வாசித்து முடித்தாள். கிறிகோரி வாயே திறக்கவில்லை. கோயிலில் ஒருவரும் எழும்பாவிட்டால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். மடிக்கணினியைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

ஒப்பம் என்றால் பெயரைத் தட்டுவதுதானாம். “இதுவும் ஒரு ஒப்பமோ!” என்று முணுமுணுத்தபடி ஒற்றை விரலால் எழுத்தெழுத்தாகத் தட்டினார். கடைசி எழுத்துக்கு முன் விரலை எடுத்தார்.

“மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒண்டு சொல்லிவிடு. பொம்பிளை நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டை வருவாள். அதுக்கு ஓமெண்டால்தான் மிச்ச எழுத்து.”

“ஓம் அப்பா,” என்றாள் அமலினி, மாப்பிள்ளை வீட்டாருக்காக.