இரண்டு பேர் பிடித்த தட்டு

அம்பத்தூர் தொழிற்பேட்டையில், 1997 மே மாதம், அப்பளத்தை நீட்டினாலே பொரிந்துவிடும் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குள் பாஸ்கல் ஒரு வீடு கட்டியிருந்தான். செங்கல் இல்லை, சிமெண்ட் இல்லை, எல்லாம் கம்ப்யூட்டருக்குள். ஆட்டுக்கல் கனத்தில் ஒரு ஹெல்மெட்டும், ஒயர் முளைத்த கையுறையும் மாட்டிக்கொண்டால் உள்ளே உலாவலாம். ஒருவர் மட்டும் போனால் வீடு சொன்ன பேச்சைக் கேட்கும். அடுத்த கம்ப்யூட்டரிலிருந்து இன்னொருவரும் நுழைந்தால் வம்பு: ஒருவர் கொடுப்பது மற்றவர் கைக்குப் போவதற்குள் விழுந்துவிடும்.

அவன் ஜெயகுமாரியைப் பெண் கேட்டிருந்தான். அவள் அப்பா எட்மண்ட், "இல்லாத ஊட்ட கட்றவனுக்கா பொண்ணு? கண்ணால பாத்துட்டு சொல்றேன்" என்று மகளோடு வந்து இறங்கிவிட்டார்.

"வாங்க மாமா."

"மாமாவா? இன்னும் ஆவல. சார்னு கூப்புடு."

அவர் தலையில் ஹெல்மெட் ஏறியது. வீட்டைப் பார்த்ததும் எட்மண்ட் செருப்பைக் கழற்றினார். பாஸ்கல் இன்னொரு ஹெல்மெட்டை மாட்டித் தானும் உள்ளே போய், வெற்றிலை பாக்கு பழத்தோடு ஒரு தட்டை நீட்டினான். டமால்! ஒரு ஆரஞ்சு தரையைத் துளைத்துப் பாதாள லோகத்துக்கே போனது.

"இன்னாபா, கையில குடுக்கறேன்னு கால்ல போடுற?"

மூன்று தடவை நீட்டியும் அதே கதை.

"ஒரு தட்ட குடுக்கத் தெரியல. எம்பொண்ண எப்புடி வச்சிக்குவ?"

பாஸ்கல் தன் ஹெல்மெட்டைக் கழற்றினான். "நான் உட்டுட்டேன்ற சேதி ஒயர்ல உங்க கம்ப்யூட்டருக்குப் போவ நேரமாவுது சார். அதுக்குள்ள தட்டு யார் கையிலயும் இல்ல."

"உன்ன யாரு உடச் சொன்னா?" என்றாள் ஜெயகுமாரி. "நிச்சயத்துல தட்டு மாத்தறப்ப ரெண்டு பேரும் புடிச்சுகினுதான நிப்பாங்க? வாங்கறவரு கெட்டியா புடிச்சப்புறம் உடு."

ஆறு மாதமாக அவனுக்கு இது தோன்றவில்லை! புரோகிராமில் பதினோரு வரியை மாற்றினான். கீபோர்டில் புகை வந்தது. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு மறுபடி நீட்டினான். ஜெயகுமாரிக்குத் தெரிந்ததெல்லாம், வெறுங்கையை நீட்டியபடி எதிரெதிரே நின்ற இரண்டு ஹெல்மெட்டுகள்.

"புடிச்சியாப்பா?" என்று அவள் கேட்டாள்.

"புடிச்சிட்டேன்! உடும்பு மாதிரி!"

பாஸ்கல் விட்டான். தட்டு விழவில்லை.

"மாப்ள ஊட்டுத் தட்ட வாங்கிட்ட. நிச்சயம் ஆயிப்போச்சு!" என்று அவள் கைதட்டினாள்.

"ஏய், இது இல்லாத தட்டு! செல்லாது!" எட்மண்ட் திருப்பி நீட்டினார். பாஸ்கல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான். வாங்குபவன் பிடிக்காமல் கொடுப்பவர் விட முடியாது. அதுதானே புதுச் சட்டம்? உதறினார், குலுக்கினார், ஷெட்டையே ஒரு சுற்று சுற்றினார். தட்டு போகவில்லை. ஹெல்மெட்டைக் கழற்றினால் தீர்ந்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

"ஞாயித்துக்கெழம நெஜத் தட்டோட ஊட்டுக்கு வா மாப்ள," என்றார் மூச்சிரைக்க. "மொதல்ல இத வாங்கித் தொல!"

"குடுங்க மாமா."