கிளி மேல போட்ட பழி

எங்க குழுவுல சண்டை இல்லாத நாளே கிடையாது. கிளி வளர்க்கிறவங்க நூத்திச்சொச்சம் பேர் ஃபோன்ல சேர்ந்து வச்சிருக்கிற குழு. றெக்கையை வெட்டலாமா கூடாதா, ஒத்தையா வளர்க்கிறது பாவமா, கூண்டு வீட்டுக்குள்ளயா வெளியிலயா, இப்படி ஏதாவது ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும். அதுல வாய் ஜாஸ்தி எனக்குத்தான். பேக்கரியில அடுப்பு வேலை. விடியறதுக்கு முன்னாடி போய், காலைல பத்து மணிக்கு வீட்டுக்கு வந்து படுப்பேன். படுக்கிறதுக்கு முன்னாடி குழுவுல யாரையாவது ரெண்டு திட்டு திட்டினாத்தான் எனக்குத் தூக்கமே வரும்.

எங்களுது சாம்பல் கிளி. பேரு வாயாடி. வாசல் மணி, குக்கர் விசில், என் கொட்டாவி, எல்லாத்தையும் அப்படியே செஞ்சு காட்டும். என் வீட்டுக்காரிக்கு அது பெத்த பிள்ளை. சமையலறையில கூண்டு, ஆனா அது இருக்கிறது எப்பவும் அவ தோள்ல. உடம்பை உதறினா மாவு சலிச்ச மாதிரி வெள்ளைத் தூசி பறக்கும். மாவுலயே கிடக்கிற எனக்கு அதெல்லாம் ஒரு தூசியா?

போன வருஷம் அது இருமக் கத்துக்கிச்சு. அவளுக்குச் சளி பிடிச்சிருந்தப்போ கேட்டுக் கத்துக்கிச்சுன்னு நினைச்சேன். வீடியோ எடுத்துக் குழுவுல போட்டேன், எல்லாரும் சிரிச்சாங்க. மொட்டைமாடியில கூண்டு கட்டி வளர்க்கிற வாத்தியார் ஒருத்தர் மட்டும், "இந்தத் தூசி சில பேர் நுரையீரலுக்கு ஆகாது. வீட்ல யாராவது இருமினா டாக்டர்கிட்ட காட்டுங்க"ன்னு எழுதினார். நான் சும்மா விடுவேனா? "வெயில்ல போட்டு வளர்க்கிறவருக்குப் பாசத்தைப் பத்தி என்னய்யா தெரியும்"னு ஆரம்பிச்சு, மூணு நாள் அந்த மனுஷனை வறுத்தெடுத்தேன்.

அதுக்கப்புறம் பகல்ல நான் படுத்திருக்கும்போது சமையலறையிலேர்ந்து லொக்கு லொக்குன்னு சத்தம் வரும். படுத்த இடத்துலேர்ந்தே கத்துவேன்: "ஏய் வாயாடி, அடங்குடி! மனுஷன் தூங்க வேணாமா?" உடனே நின்னுடும். சொன்னா கேக்குதே, என்ன அறிவுன்னு பெருமையா திரும்பிப் படுப்பேன். எந்தக் கிளிய்யா சொன்ன உடனே வாயை மூடும்? அந்த யோசனை எனக்கு வரவே இல்லை.

மாடிப்படி ஏற முடியாம அவ பாதிப் படியில உக்காந்துட்ட அன்னிக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கிளித் தூசி போய்ப் போய் நுரையீரல் இறுகிப் போச்சுன்னாங்க. "எத்தனை மாசமா இருமல்?"னு டாக்டரம்மா கேட்டாங்க. "அவ எங்கங்க இருமினா, கிளிதான் இருமும்"னு சொன்னேன். ஐயோ, அப்படியே சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. அதுக்கப்புறம் ஏழே வாரம்தான் இருந்தா.

மகள் வந்து என்கூடத் தங்கினா. என்னையும் இழுத்துட்டுப் போய் நெஞ்சைப் படம் எடுத்தா. எனக்கும் லேசா ஆரம்பிச்சிருக்காம். "கிளியைக் குடுத்துடுங்கப்பா"ன்னா. குழுவுல கேட்டேன். வளர்த்ததைக் குடுக்கிறவன் கொலைகாரன்னு பாதிப் பேர், உசிரு இருந்தாத்தானே வளர்க்கிறதுக்குன்னு பாதிப் பேர். ரெண்டு பக்கத்துலயும் ஒருத்தருக்கும் என் மனசு தெரியலை. அவ ஆஸ்பத்திரிக்குப் போனதிலேர்ந்து வாயாடி வாயே தொறக்கலை. ஆனா அவ குரல்னு இந்த வீட்ல மிச்சம் இருக்கிறது அது தொண்டையில இருக்கிற அந்த இருமல் ஒண்ணுதான். என்னிக்காவது இருமாதான்னு கூண்டு முன்னாடியே உக்காந்து கிடந்தேன். அதை எப்படித் தூக்கிக் குடுப்பேன்?

மகளே வாத்தியாருக்கு எழுதி வரவழைச்சுட்டா. ஞாயித்துக்கிழமை காலைல ஒரு சின்னக் கூண்டோட வந்து நின்னார். நான் திட்டினதைப் பத்தி அவர் ஒரு வார்த்தை பேசலை.

"மன்னிச்சுக்குங்க சார், குடுக்கிறதா இல்லை"ன்னேன்.

"அம்மாவைப் பறிகுடுத்தாச்சு. உங்களையுமாப்பா?"ன்னு மகள் சமையலறை வாசல்லயே உக்காந்து அழுதா.

அந்த அழுகையைக் கேட்டோ என்னவோ, வாயாடி இருமிச்சு. என் வீட்டுக்காரியேதான். அடுத்து என் குரல்: "ஏய் வாயாடி, அடங்குடி! மனுஷன் தூங்க வேணாமா?" மகள் அழுகையை நிறுத்திட்டு என்னைப் பார்த்தா. அதோட முடியலை. மூச்சு வாங்கி வாங்கி, ரொம்ப மெதுவா, அவங்கம்மா குரல்ல சொல்லிச்சு: "என் திட்டையும் நீயே வாங்கிக்கோடி கண்ணு. அவர் தூங்கட்டும்."

பழி ஓரிடம் பாவம் ஓரிடம்பாங்க. அவ தன் இருமலுக்குக் கிளி மேல பழியைப் போட்டு, வாயைப் பொத்திக்கிட்டு எனக்கு வாங்கிக் குடுத்த தூக்கம் அது. நான் குறட்டை விட்டுத் தூங்கியிருக்கேன். மகள் என்னைத் திட்டுவான்னு நின்னேன். அவ வந்து என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அதைத்தான் தாங்க முடியலை.

நானே வாயாடியை எடுத்து வாத்தியார் கூண்டுல விட்டேன். இதை வச்சுக்கிட்டு நானும் இருமிச் செத்தா, என் வீட்டுக்காரி அத்தனை மாசம் இருமலை அடக்கி வச்சதுக்கு என்ன அர்த்தம்? கூண்டை நானே தூக்கிக்கிட்டு படியிறங்கினேன். அவ உக்காந்த படியில கொஞ்சம் நின்னுட்டுத்தான் இறங்க முடிஞ்சது.

வாத்தியார் கார்ல வச்சுட்டு, கதவைச் சாத்த விடாம பிடிச்சுக்கிட்டேன்.

"சார், இது இருமினா திட்டாதீங்க. கிளிதானேன்னு விட்டுடாதீங்க. பக்கத்துல போய், 'உனக்கு என்னம்மா செய்யுது'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க."