பட்டியலில் இல்லாத பிள்ளைகள்

கிர்கிஸ்தான் தலைநகர் பிஷ்கேக்கில் எங்கள் தடுப்பூசி அலுவலகத் தலைவர் எசென்குலுக்கு ஒரே பெருமைதான்: தட்டம்மை ஊசி நகரில் தொண்ணூற்றேழு சதவீதம். விருந்தானாலும் இழவானாலும் அதைச் சொல்லிவிட்டுத்தான் தேநீர்க் கிண்ணத்தைத் தொடுவார்.

துர்சுனாய் எங்கள் கணித நிபுணர். ஒரு பிள்ளையிடமிருந்து நோய் எத்தனை பேருக்குப் பரவும், எத்தனை பேருக்கு ஊசி போட்டால் அது அடங்கும் என்று கணினியில் மாதிரி போட்டுப் பார்ப்பவர். மலையிலிருந்து இறங்கியவர்கள் வீடு கட்டியிருந்த நகர விளிம்புக்கு, செவிலியான என்னையும் அழைத்துக்கொண்டு போனார். வீடு வீடாக எண்ணினோம். பாதிப் பிள்ளைகளுக்கு ஊசியே இல்லை. நகரப் பதிவு இல்லாததால் அவர்கள் எங்கள் கணக்கிலேயே வரவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் அவர் வரைபடத்தைக் காட்டினார். அம்மை அங்கே நுழைந்தால் முந்நூறு பேருக்கு வரும் என்றது அது.

எசென்குல் சிரித்தார். "ஏம்மா, கம்ப்யூட்டர்ல பொம்மைப் பிள்ளைங்களுக்குக் காய்ச்சல் வர வெச்சு விளையாடுறியா? நெசமா யாருக்காவது வந்திருக்கா?"

"வந்தப்புறம் எண்ணுறதுக்கு மாதிரி எதுக்கு பாய்கே? விரலே போதும். ஒரு ஊசி வண்டி குடுங்க" என்றார் துர்சுனாய். பாய்கே என்றால் எங்கள் ஊரில் அண்ணன்.

"அதுங்கதான் பட்டியல்லயே இல்லியே!"

"அம்மைக்கு உங்க பட்டியலைப் படிக்கத் தெரியாது."

வண்டி கிடைக்கவில்லை. மார்ச்சில், நவ்ரூஸ் புத்தாண்டு வாரத்தில் முதல் பிள்ளைக்கு உடல் சிவந்தது. மே முடிவதற்குள் இருநூற்றெண்பது பேர். எட்டு மாதக் குழந்தை ஒன்று இறந்தது. ஆஸ்பத்திரி நடையில் அதன் தாய் குழந்தையின் தொப்பியை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

அமைச்சகம் வைத்த விசாரணைக்கு முந்தைய நாள் எசென்குல் குழைந்தார். "துர்சுனாய், நாம மட்டும் இல்லேன்னா நாலாயிரம் பேருக்கு வந்திருக்கும்னு உன் மாதிரியில காட்டிடும்மா."

"காட்டுறேன்" என்றார் துர்சுனாய்.

காட்டினார். இரண்டு கோடுகள். ஒன்று, நடந்தது. மற்றது, ஜனவரியில் வண்டி போயிருந்தால் நடந்திருக்கக்கூடியது: ஏறக்குறைய ஒன்பது பேர். கீழே கூட்டத்தின் தேதியும், வண்டியை மறுத்தவர் பெயரும்.

எசென்குலைத் தண்டித்தார்கள் என்று நினைக்க வேண்டாம். அமைச்சகத்தில் பெரிய அறை கொடுத்தார்கள். எங்களுக்கு வண்டி வந்தது. அந்தக் கோடையில் எண்ணூறு பிள்ளைகளுக்கு ஊசி போட்டோம். துர்சுனாய் மேசையருகே உட்கார்ந்து பெயரை மட்டும் கேட்டு எழுதினார். பதிவுச் சீட்டு எங்கே என்று யாரையும் கேட்கவில்லை.